எழுநூற்று இருபத்தெட்டில் ஒன்று குறைகிறது

முருகன் துணை
செட்டிகுளம், 17-1-1943

அன்புள்ள மாப்பிள்ளை காசிநாதன் அவர்களுக்கு பிச்சைமுத்து எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை பஞ்சவர்ணம், இரண்டு மாடுகள், எல்லாரும் சுகம். அங்கே நீங்கள், ஜானகி, சம்பந்தி, உங்கள் தங்கை சிந்தாமணி நால்வரும் சுகந்தானா என்று ஒரு வரி எழுதவும்.

பொங்கலுக்கு வந்தவர் பள்ளிக்கூடம் இருக்கிறது என்று இரண்டே நாளில் கிளம்பிவிட்டீர்கள். வாத்தியார் மாப்பிள்ளை, வாத்தியார் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிகிறவன் நான். பள்ளிக்கூடம் என்றதும் நானே வண்டியைப் பூட்டிவிட்டேன்.

வண்டியில் ஏறும்போது நான் சொன்ன விளையாட்டு உங்களுக்குப் புரிந்திருக்காது. சொன்னவனுக்கே பாதிதான் புரியும். ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், 85. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 13. இப்போது அதை இனி உடையாத எண்களாக உடையுங்கள். 5, 17. இவற்றின் இலக்கங்கள் 5, 1, 7. கூட்டினால் அதுவும் 13. தகப்பன் கூட்டுத்தொகையும் பிள்ளைகள் கூட்டுத்தொகையும் ஒன்று. இப்படிப்பட்டதற்கு நான் வைத்த பெயர் குடும்ப எண். 22, 58 இரண்டும் அப்படியே. உடையாத எண்ணுக்கு எங்கள் வீட்டில் ஒண்டி என்று பெயர். ஜானகிக்கு ஆறு வயதில் புளியங்கொட்டை வைத்து நூறு வரைக்கும் ஒண்டிகளைக் கற்றுக்கொடுத்தேன். 79, 83, 89, 91, 97 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.

எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தவன் நான். என்னைவிட்டுப் பிரிய வாத்தியாருக்கு மனசில்லை. ஆகையால் உங்களைப் போல் படித்தவர் இன்னும் பெரிய குடும்ப எண்ணாகப் பார்த்து எழுத வேண்டும். உங்கள் அத்தை, "பொண்ணைக் கட்டிக் குடுத்தீங்களா, மாப்பிள்ளையைப் பரீட்சைக்கு உக்கார வச்சீங்களா?" என்கிறாள். அவள் கிடக்கிறாள்.

உங்கள் மாமா,
பிச்சைமுத்து


அரியலூர், 2-2-1943

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்குக் காசிநாதன் வணக்கம். இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம். அத்தையின் இடுப்பு வலி குறைந்ததா என்று ஜானகி கேட்கச் சொன்னாள்.

தங்கள் குடும்ப எண் ஒரு வாரமாக என்னை விடவில்லை. சைக்கிளில் போகும்போதுகூடக் கடைப் பலகைகளில் உள்ள எண்களை உடைத்துக்கொண்டே போகிறேன். நான் கண்டுபிடித்தது 728. இலக்கங்கள் 7, 2, 8 சேர்ந்து 17. உடைத்தால் 2, 2, 2, 7, 13. இவற்றின் இலக்கங்களும் 17. சேருகிறது.

ஒன்று மட்டும் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. தாங்கள் 91-ஐ ஒண்டிகளில் சேர்த்திருக்கிறீர்கள். ஏழு பதின்மூன்று தொண்ணூற்றொன்று ஆகிறது. கைப்பிழையாக இருக்கலாம். தவறாக நினைக்க வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
காசிநாதன்


செட்டிகுளம், 9-2-1943

மாப்பிள்ளை அவர்களுக்கு ஆசி. இங்கே உடம்புகள் சுகம், மானம் மட்டும் கொஞ்சம் சுகமில்லை.

கைப்பிழை என்று எழுதியது உங்கள் பெருந்தன்மை. அது தலைப்பிழை. வாய்ப்பாட்டில் ஏழாம் வரிசையைப் பத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். முப்பது வருஷமாக 91-ஐ ஒண்டி என்று சொல்லி வந்திருக்கிறேன். களத்துமேட்டில் குச்சியால் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

ஒரு வேண்டுகோள். இதை ஜானகியிடம் சொல்ல வேண்டாம். அவள் என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி நினைக்கிற ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான் பாக்கி. நானே நேரில் ஒருநாள் சொல்கிறேன். அதுவரை வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுங்கள். இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடுங்கள்.

வாக்கு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நேற்று பாடாலூர் ரோட்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற மோட்டார் நின்றது. கொட்டு அடித்துக் கூப்பிடுகிறார்கள். என் தம்பி குழந்தைவேல் போன சண்டையில் பஸ்ராவுக்குப் போனான். திரும்பி வந்தது நம்பர் போட்ட ஒரு காகிதம். அதனால்தான் நிச்சயதார்த்தத்தில் ஐம்பது பேர் முன்னால் நான் அப்படிக் கேட்டேன், நீங்களும் வெற்றிலைத் தட்டைத் தொட்டுப் பட்டாளத்துக்குப் போவதில்லை என்று சொன்னீர்கள். மீறினால் பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொள்வேன் என்று நான் சொன்னது அதிகப்படிதான். வாத்தியாருக்கு எதற்குப் பட்டாளம்? சும்மா ஞாபகம் வந்தது, எழுதினேன்.

உங்கள் மாமா,
பிச்சைமுத்து


அரியலூர், 5-3-1943

மாமா அவர்களுக்கு வணக்கம். யாவரும் சுகம். ஜானகிக்கு இரண்டு நாளாகத் தலைசுற்றல், வேறொன்றும் இல்லை.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். 91-ஐப் பற்றி நானாக ஜானகியிடம் சொல்ல மாட்டேன். இது வாக்கு.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். இரண்டு வாத்தியார்களுக்கு வேலை இருக்குமா என்று மானேஜர் யோசிக்கிறார். தங்களுக்குக் கவலை வேண்டாம். இனிமேல் என் பதில் தாமதமானால் வேறு விதமாக எண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்தைக்கு என் வணக்கம்.

காசிநாதன்


அரியலூர், 28-4-1943

மாமா அவர்களுக்கு வணக்கம். தங்கள் கார்டு இரண்டும் கிடைத்தன. மலைப்படியில் விழுந்து கால் முறிந்த சேதி அறிந்து எல்லாரும் மிகவும் வருந்தினோம். உடனே வர முடியாததற்கு மன்னிக்கவும், பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம்.

எனக்கு வலக்கை ஆள்காட்டி விரலில் நகச்சுத்தி. பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்லத் தங்கை சிந்தாமணி எழுதுகிறாள். எழுத்து மாறியிருப்பது அதனால்தான்.

தாங்கள் கேட்ட 166 குடும்ப எண்தான். 2, 83. 83 ஒண்டி. இரண்டு பக்கமும் 13. ஜானகி சுகமாக இருக்கிறாள். கால் கட்டை அவிழ்க்கும் வரை தாங்கள் எங்கேயும் புறப்பட வேண்டாம். கட்டாயம் வேண்டாம்.

காசிநாதன்


செட்டிகுளம், 6-5-1943

மாப்பிள்ளை அவர்களுக்கு ஆசி. வலது கால் மூங்கில் பத்தைக்குள் சுகமாகத் தூங்குகிறது. அதைச் சுமந்திருக்கிற நான்தான் தூங்கவில்லை.

விழுந்த கதையைக் கார்டில் எழுத வெட்கமாக இருந்தது. பங்குனி உத்திரத்துக்குச் சாமி கும்பிட்டுவிட்டுப் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன். நூற்று இருபத்தொன்று என்றதும், அட, பதினொன்று பதினொன்று, இது குடும்ப எண்ணாச்சே என்று மனம் துள்ளியது. நூற்று இருபத்திரண்டாவது படியைக் கால் பார்க்கவில்லை. எலும்பு கட்டுகிறவர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். கணக்கில் தவறி விழுந்தேன் என்றேன். கூடக் கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டார்.

மாடு பிடிக்கிற அரியமுத்து போன வாரம் அரியலூர் வந்தவர், உங்கள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாராம். அன்று ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை எங்கே என்று கேட்டதற்குப் பள்ளிக்கூடம் போயிருக்கிறார் என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமையும் பாடம் நடத்துகிற ஊர் எங்கள் பக்கம் இல்லை. உங்கள் சைக்கிள் சுவர் ஓரம் காற்றில்லாமல் சாய்ந்திருந்ததாம், அதன் சீட்டில் கோழி அடைந்திருந்ததாம். அரியமுத்து மாட்டுப் பல்லைப் பார்த்தே வயசு சொல்கிற ஆள். சைக்கிளைப் பார்த்து, "இதுல ரெண்டு மாசமா யாரும் ஏறலீங்க" என்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சொன்னார், எழுதுகிறேன்.

நகச்சுத்திக்கு எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டினால் ஐந்து நாளில் ஆறும்.

படுத்தே கிடப்பதில் பழைய கணக்கெல்லாம் மறந்துபோகிறது. 728 குடும்ப எண்ணா, இல்லையா? போட்டு எழுதவும். அவசரம் இல்லை. ஆனால் எழுதவும்.

உங்கள் மாமா,
பிச்சைமுத்து


அரியலூர், 22-5-1943

மாமா அவர்களுக்கு வணக்கம். கால் எப்படி இருக்கிறது? எலுமிச்சம்பழம் வைத்தேன், கொஞ்சம் தேவலை. ஆனாலும் எழுத வரவில்லை, சிந்தாமணிதான் எழுதுகிறாள். சைக்கிள் டியூப் போய்விட்டது. சண்டைக் காலத்தில் புது டியூப் கிடைக்கவில்லை, நடந்தே போகிறேன்.

728-ஐப் போட்டுப் பார்த்தேன். அது குடும்ப எண் இல்லை. இலக்கங்கள் சேர்ந்து 17. உடைத்தால் 2, 2, 2, 91. இவற்றின் இலக்கங்கள் சேர்ந்து 16. ஒன்று குறைகிறது.

காசிநாதன்


செட்டிகுளம், 27-5-1943

ஜானகி, அப்பா எழுதுவது. இதுவரைக்கும் மாப்பிள்ளை பேருக்கே எழுதி வந்தேன், அதுதான் முறை. இந்த ஒன்றை உன் பேருக்கு, கவரில் போட்டு ஒட்டி அனுப்புகிறேன். உடம்பு எப்படி என்று உண்மையைச் சொல். என் உடம்பைக் கேட்காதே.

728-க்குப் பதில் போட்டது நீ. காசிநாதன் இல்லை. எப்படித் தெரியும் என்று இப்போது கேட்காதே, கேட்டால் எனக்குத்தான் அசிங்கம். அந்த எண்ணை எனக்குச் சொன்னதே மாப்பிள்ளைதான், சேரும் என்று தன் கையாலேயே எழுதியவர். மூன்று மாசத்தில் ஒரு வாத்தியாருக்கு அது மறக்காது. நீ சொல்லச் சொல்லச் சிந்தாமணி எழுதியிருக்கிறாள். அவர் பக்கத்தில் இருந்திருந்தால் பார்த்துத் திருத்தியிருப்பார்.

ஆகவே அவர் வீட்டில் இல்லை. எங்கே?

படுத்துக் கிடக்கிறவனுக்கு யோசிக்கத்தான் வேலை. சாராயமா? வேறு வீடா? போலீஸ் பிடித்துக்கொண்டு போனதா? உன் மாமனார் அடித்துத் துரத்தினாரா? ஒவ்வொன்றாக நினைத்துத் தள்ளுகிறேன். ஒன்றை மட்டும் நினைக்காமலேயே தள்ளி வைத்திருக்கிறேன். அதுவாக இருக்கக்கூடாது என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டுமிருக்கிறேன்.

உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்து, "கால் வலியா, கணக்கு வலியா?" என்று கேட்கிறாள். கால் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மறைக்காமல் எழுது.

அப்பா


அரியலூர், 6-6-1943

அன்புள்ள அப்பாவுக்கு ஜானகி எழுதுவது. அம்மாவுக்கு வணக்கம். பொய் எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். சிந்தாமணி மேல் கோபப்பட வேண்டாம், நான் காலைப் பிடித்துக் கேட்டதால் எழுதினாள்.

நீங்கள் தள்ளி வைத்ததுதான் அப்பா. அவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். மார்ச் பன்னிரண்டாம் தேதி காலையில் பள்ளிக்கூடம் போகிறவர் மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். சைக்கிளை எடுக்கவில்லை. டயரில் காற்று இல்லை என்றார். அரிசி டப்பாவில் சீட்டு எழுதி வைத்திருந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். அதை உங்களுக்கு எழுத அவருக்கு மனம் வரவில்லை. "உங்க அப்பா ஊரெல்லாம் வாத்தியார் மாப்பிள்ளைன்னு சொல்றாரு. வேலையில்லாதவன்னு எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நான் அங்க போறது?" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார். பட்டாளத்தில் சிப்பாய்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிற வேலை, துப்பாக்கி இல்லை என்று சீட்டில் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. மூன்று மாசம் ஆகப்போகிறது.

மாமனார் யாரிடமும் பேசுவதில்லை. தெரிந்தால் உங்க அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து உன்னை அழைத்துப் போய்விடுவார் என்று மட்டும் சொன்னார். அதனால்தான் மறைத்தேன். கூட்டிக்கொண்டு போகாதீர்கள் அப்பா. கடிதம் வந்தால் இந்த வீட்டுக்குத்தான் வரும். அப்போது நான் இங்கே இருக்க வேண்டும்.

இன்னொன்று. நான் முழுகாமல் இருக்கிறேன். இது ஐந்தாம் மாசம். அவருக்குத் தெரியாது.

728 எப்படித் தப்பு என்று எனக்குப் புரியவில்லை. நான்கு தடவை போட்டேன். ஒன்று குறைகிறது.

ஜானகி


செட்டிகுளம், 12-6-1943

ஜானகிக்கு, கடிதம் வந்தது. உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உடம்பைப் பார்த்துக்கொள், கனமானதைத் தூக்காதே.

கால் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. ஆனி பதினைந்தாம் தேதி வண்டி கட்டிக்கொண்டு வருகிறேன். பெட்டியைக் கட்டி வை. ஐம்பது பேர் முன்னால் சொன்ன சொல். மீறியது நான் இல்லை. தட்டைத் தொட்டுச் சொன்ன வாக்கை ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் வைத்துவிட்டுப் போகிறவனிடம் இனி எந்த வாக்கை நம்புவது?

குழந்தைவேலும் துப்பாக்கி இல்லை, கோவேறு கழுதை பார்க்கிற வேலை என்றுதான் சொல்லிவிட்டுப் போனான்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அப்பா


ஊர்: ■■■■■■
மே மாதம் இருபத்தொன்பதாம் தேதி

மாமா அவர்களுக்குக் காசிநாதன் வணக்கம். நான் சுகம். அத்தை, தாங்கள், எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். ஜானகிக்கு ■ கடிதங்கள் போட்டேன், பதில் இல்லை. போய்ச் சேர்ந்தனவா என்று தெரியவில்லை. இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். எண்ணைக் கண்டால் சங்கேதம் என்று சந்தேகப்பட்டு மை பூசிவிடுகிறார்கள் என்று சொல்கிறார்கள். ஆகையால் முக்கியமான எண்ணை எழுத்தில் எழுதுகிறேன்.

தங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன். சமாதானம் சொல்ல வரவில்லை. ■■ சிப்பாய்களுக்கு அரிச்சுவடியும் கூட்டலும் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். குடும்ப எண்ணையும் சொல்லிக்கொடுத்தேன். ஒருத்தர் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிற நம்பரை உடைத்துப் பார்த்துவிட்டு, சேரவில்லை, வேறு தட்டு கொடு என்று சமையல்காரரிடம் சண்டை போட்டார்.

பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொள்ளத் தங்களுக்கு உரிமை இருக்கிறது. நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். தங்களுக்கு நான் கொடுத்த வாக்கு இரண்டு. ஒன்றை மீறினேன். மற்றதை மீறவில்லை. கிளம்புகிற அன்று காலையில்கூட ஜானகி அம்மியில் அரைத்துக்கொண்டே ஒண்டிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றொன்றையும் சேர்த்துத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றேன். இன்றுவரை சொல்லவில்லை.

காசிநாதன்


செட்டிகுளம், 22-6-1943

என் கண்ணு ஜானகிக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் மாடுகளும் சுகம். எனக்கும் இன்றுமுதல் சுகம்.

மாப்பிள்ளை கடிதம் நேற்று வந்தது. உயிரோடு இருக்கிறார். எண் இருந்த இடமெல்லாம் மை பூசியிருக்கிறது, பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறது. ஆனால் எழுத்து அவருடையது. கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். உறையில் முகவரி இருக்கிறது. நம்பர் போட்ட முகவரிதான், அதற்கு மட்டும் மை பூசவில்லை. ஐந்தாம் மாசச் சேதியை நீயே உன் கையால் எழுது. சிந்தாமணியைக் கூப்பிடாதே.

அதைப் படிப்பதற்கு முன்னால் நான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மை காயாமல் எழுதுகிறேன், காய்ந்தால் கிழித்துவிடுவேன். 91 ஒண்டி இல்லை. ஏழால் போகும். ஏழு பதின்மூன்று. ஆறு வயதிலிருந்து உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரர் பிப்ரவரியிலேயே கண்டுபிடித்துவிட்டார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் வாக்கு வாங்கினேன். நீ 91-ஐ அப்படியே போட்டதைப் பார்த்துத்தான் கடிதம் எழுதினது நீ என்று பிடித்தேன். அந்தத் தப்பு இந்த ஜில்லாவிலேயே நம்ம வீட்டில் மட்டும்தான் உண்டு.

தெரிந்த உண்மையை என் மானத்துக்காக வாயில் போட்டு மூடிக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன். அவர் வேலை போனதை என்னிடம் சொல்ல முடியாமல் செய்ததும் என் வாய்தான். வாத்தியார் மாப்பிள்ளை என்று நான் பீற்றாமல் இருந்திருந்தால் வேலை போன அன்றைக்கே இங்கே வந்து நாலு இட்லி சாப்பிட்டிருப்பார். முப்பது வருஷம் 91-ஐப் பற்றித் தப்பாகச் சொன்னவன், ஐம்பது பேர் முன்னால் சொன்னது மட்டும் சரியாக இருந்துவிடுமா? பட்டாளம் என்றால் எனக்கு இன்னமும் பயந்தான். அது போகாது. அதற்காக உன் பெட்டியைக் கட்டச் சொன்னது தப்பு.

உன் அம்மா முழுக் கடிதத்தையும் கேட்டுவிட்டு, "வளைகாப்புக்கு வண்டி கட்டுங்க, கோவத்துக்குக் கட்டாதீங்க" என்றாள். ஆகவே ஆனி பதினைந்தாம் தேதி வரவில்லை. ஏழாம் மாசம் பிறந்ததும் வளையலும் பூவும் சித்திரான்னமும் எடுத்துக்கொண்டு முறைப்படி நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். சம்பந்தியிடம் சொல். அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொள்கிறேன். பிரசவம் இங்கே. பிள்ளையோடு உன்னை அந்த வீட்டிலேயே கொண்டுவந்து விடுவேன். அதுவரை வருகிற கடிதத்தையெல்லாம் சிந்தாமணி வாங்கி வைக்கட்டும்.

ஒரு தாளை எடுத்து 728-ஐ இன்னொரு தடவை போடு. 91-இல் நிறுத்தாதே, உள்ளே போ.

உன்னை ஏமாற்றின வாத்தியார்,
அப்பா